சாயம் ஏன் நிற்கவில்லை? சுவரின் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் பெரும்பாலான வீடுகளில் சாய (பெயிண்ட்) டின் திறக்கப்படுகிறது. பண்டிகை வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களே தீபகற்பத்தின் மேற்குக் கரைப் பகுதியில் மழை மிகுந்த மாதங்கள் என்பதை அறிந்திருந்தும், மாலையில் இடி இடித்து லோங்காங் (வடிகால்) நிரம்பி ஓடும் நாட்களில் வெளிச்சுவருக்குச் சாயம் பூசிவிட்டு, பொங்கலுக்குள் அது உரிந்துவிட்டதென்று கடைக்காரரிடம் போய் நிற்கிறோம். அப்படி உரிந்த சுவர்கள் பலவற்றை நேரில் பார்த்தவன் நான். டின்னில் இருந்த சாயமே கெட்டுப்போயிருந்ததாகக் கண்டது மிக அரிது. பிழை சாயத்துக்குக் கீழே, சுவருக்குள் இருக்கிறது. அங்கும் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கிறது.

எனவே, முதன்முறையாகத் தம் வீட்டுக்குத் தாமே சாயம் பூசுகிறவர்களுக்கு, சுவரில் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியை இங்கே எழுதுகிறேன். உங்கள் சுவரில் காணும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். அங்கே சொல்லியிருக்கும் சோதனையைச் செய்து முடிக்கும்வரை கடைக்குப் போக வேண்டாம்.

சாயம் கொப்புளமாக எழும்புகிறது

கொப்புளத்தைக் கண்டவுடன் சுரண்டிவிட்டு மேலே பூசுவதுதான் எல்லாரும் செய்வது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் அது மீண்டும் எழும்பும். முதலில் ஒரு கொப்புளத்தை அறுத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தைவிட்டு வெளியேறித் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கிக் குடிவந்த ஓர் அத்தையின் வீட்டு ஹாலில், ஐம்பது காசு நாணயம் அளவில் ஏழெட்டுக் கொப்புளங்கள் வரிசையாக இருந்தன. நான் பிளேடை எடுத்ததும், “ஏன் தம்பி, ஒட்டியிருக்கிற சாயத்தையும் கிழிக்கிறே?” என்று அவர் பதறினார். ஒன்றைக் குறுக்காக அறுத்து நான்கு மூலையையும் விரித்தபோது, பழைய சாயமும் புதிய சாயமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டே மேலே வந்தன. அடியில் சாம்பல் நிறச் சிமெண்டுப் பூச்சு, மழையில் நனைந்த சாலையைப் போலக் கருத்துத் தெரிந்தது. விரலை வைத்தால் குளிர்ந்தது. “அத்தை, இது சாயத்தோட தப்பு இல்லை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் குளியலறை. அங்கே ஓடுகளின் இடுக்குகளில் சிமெண்டு உதிர்ந்து, வாளித் தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் சுவர் நீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

அறுத்த கொப்புளத்துக்குள் வெறும் சிமெண்டு தெரிந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வெளியே தள்ளுகிறது என்று பொருள். பழைய சாயம் அடியில் அப்படியே ஒட்டியிருந்து புதிய பூச்சு மட்டும் எழும்பியிருந்தால், சுவர் பெரும்பாலும் குற்றமற்றது. மதிய வெயிலில் காய்ந்து கிடந்த மேற்குச் சுவரில் பூசியதால் மேற்பரப்பு மட்டும் உடனே உலர்ந்து உள்ளே ஆவி சிக்கியிருக்கலாம், அல்லது பழைய சாயத்தின் மீதிருந்த தூசும் எண்ணெயும் கழுவப்படாமல் இருந்திருக்கலாம். இரண்டாவது வகைக்கு, தளர்ந்ததைச் சுரண்டி, ஓரங்களை மணல் தாளால் தேய்த்துச் சமன்செய்து, கழுவி உலரவிட்டு, வெயில் விலகிய நேரத்தில் மீண்டும் பூசினால் போதும். முதல் வகைக்கு நீர் வரும் வழியை அடைக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த சாயத்தைப் பூசினாலும் பயன் இல்லை. அத்தை வீட்டில் ஓட்டு இடுக்குகளை அடைத்துவிட்டு, சுவரைச் சுரண்டிய நிலையில் பல வாரங்கள் திறந்தே விட்டோம். விருந்தினர் வரும்போது அந்த இடத்தை நாட்காட்டியை மாட்டி மறைத்துக்கொண்டார்.

சுவர் உலர்ந்துவிட்டதா என்பதைக் கைவைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றரை அடிச் சதுரமாகத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்க்கும் பக்கத்தில், நீர்த்துளிகள் இருந்தாலோ சுவர் அந்தச் சதுரத்தில் மட்டும் கருத்திருந்தாலோ, ஈரம் உள்ளிருந்து வருகிறது, பூசக் கூடாது. துளிகள் வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால், அது காற்றிலிருக்கும் ஈரம். சன்னலைத் திறந்து மின்விசிறி போட்டால் தீரும். இருபது காசு செலவில்லாத இந்தச் சோதனையை இதுவரை யாரும் செய்து பார்த்துவிட்டு என்னை அழைத்ததில்லை.

சுவரின் அடிப்பகுதி மட்டும் உரிகிறது, வெள்ளையாக மாவு பூக்கிறது

தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம்வரை மட்டும் சாயம் பொரிந்து, அதன்மேல் அலைபோல ஒரு கோடு தெரிந்தால், நிலத்து ஈரம் சுவர் வழியாக மேலே ஏறுகிறது. ஈரம் ஏறும்போது சிமெண்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்து எடுத்துவந்து, மேற்பரப்பில் தான் ஆவியாகிப்போய் உப்பை மட்டும் விட்டுச்செல்கிறது. அந்த வெண்மை பூசணம் அல்ல. நாவில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும்.

முதலில் வீட்டை வெளியே சுற்றி வாருங்கள். நம் ஊர் வீடுகளில் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். கறிவேப்பிலை, வெண்டி, மல்லி என்று சுவரை ஒட்டிப் பாத்திகட்டி, வீட்டின் தரைமட்டத்துக்கு மேலே செம்மண்ணைக் குவித்து வைத்திருப்போம். அல்லது செம்பனை ஓலையும் இலைச்சருகும் லோங்காங்கை அடைத்து, நீர் சுவரடியிலேயே தேங்கி நிற்கும். பூந்தொட்டிகள் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும். காலையும் மாலையும் அவற்றுக்கு ஊற்றும் நீரின் ஒரு பங்கு சுவருக்குப் போகிறது. மண்ணைத் தரைமட்டத்துக்குக் கீழே ஓர் அரையடிக்காவது இறக்கி, லோங்காங்கைத் துப்புரவு செய்து, தொட்டிகளை ஓரடி தள்ளி வைத்தாலே சில மாதங்களில் சுவர் உலரத் தொடங்குவதைக் காணலாம்.

உப்பை நீக்கும்போது முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. நீரில் அது கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த முரட்டுத் தூரிகையால் தேய்த்து உதிர்த்து, பெருக்கி அள்ளி வெளியே கொட்டிவிட்டு, பிறகு ஈரத் துணியால் துடையுங்கள். இரண்டு வாரம் காத்திருந்து பாருங்கள். வெண்மை மறுபடி பூத்தால், ஈரம் இன்னும் ஏறுகிறது. இந்நிலையில் பலர் ‘நீர் புகாச் சாயம்’ என்று ஒன்றை வாங்கி உட்சுவரின் அடியில் கெட்டியாகப் பூசிவிடுகிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் அந்தப் பூச்சுக்கு மேலே ஏறி, இரண்டடியில் இருந்த கோடு நான்கடிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஈரம் உள்ள சுவரில் அதைப் பூசுவதை நான் ஆதரிப்பதில்லை.

புதிய சுவரில் சாயம் திட்டுத்திட்டாக வெளுக்கிறது

இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டி, பூச்சு வேலை முடிந்த ஒன்பதாம் நாள் இளம்பச்சை பூசினேன். இரண்டு மாதத்தில் அந்தப் பச்சை, தேமல் படர்ந்த தோலைப் போல ஆங்காங்கே வெளிறிப்போனது. புதுச் சிமெண்டில் காரத்தன்மை மிக அதிகம், அதன் பி.எச். அளவு 12, 13 வரை இருக்கும். ஈரத்தோடு சேர்ந்த அந்தக் காரம் சாயத்தின் நிறமிகள் சிலவற்றை வெளுக்கச் செய்யும். எண்ணெய் கலந்த எனாமல் சாயமாக இருந்தால் அதைச் சவர்க்காரமாகவே மாற்றிப் பிசுபிசுக்க வைக்கும். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் தர வேண்டும். மழைக்காலமாக இருந்தால் அதற்கும் மேல் தருவது நல்லது. அதன்பின் காரத்தைத் தாங்கும் சீலரை (நிறச் சாயத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சை) ஒரு முறை பூசி, அது உலர்ந்த பிறகே நிறச் சாயம். சீலர் நிறமற்ற வெள்ளையாக இருப்பதால் அதைக் காசு வீண் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. என் பச்சைச் சுவர் வெளிறியதில் அவசரத்தோடு அந்தச் சிக்கனத்துக்கும் பங்கு உண்டு.

கையால் தடவினால் மாவு ஒட்டுகிறது

கறுப்புத் துணியால் சுவரை ஒரு முறை தடவிப் பாருங்கள். துணியில் பொடி படிந்தால், வெயிலில் சாயத்தின் பசை சிதைந்து நிறமி மட்டும் தளர்ந்து நிற்கிறது, அல்லது அடியில் இருப்பது சாயமே அல்ல, சுண்ணாம்பு. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளில் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்து அடித்து அது சுவரில் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். அதன்மேல் எமல்ஷன் (நீர் கலந்த சாயம்) பூசினால், காயும்போது சுருங்கும் சாயம் சுண்ணாம்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு, அப்பளம்போல உரிந்து வரும். சுண்ணாம்பாக இருந்தால் நீர் தெளித்துச் சுரண்டியே ஆக வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. வெயிலில் பொடிந்த சாயமாக இருந்தால், கழுவி உலர்த்தி, பொடியைப் பிணைக்கும் சீலரைப் பூசலாம். பிறகு ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப் சுத்தமாக வந்தால் மேற்கொண்டு பூசலாம்.

கறுப்புப் புள்ளி, பச்சைப் படலம், சாமி மேடைக் கறை

கறுப்பாக இருப்பதெல்லாம் பூசணம் அல்ல. குளோரோக்ஸ் போன்ற வெளுப்பானில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் கலந்து, கறையின்மீது ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அந்த இடம் வெளுத்தால் பூசணம். வெளுக்காமல் கறுப்பாகவே இருந்தால் அழுக்கு அல்லது புகைக்கரி.

பூசணமாக இருந்தால், அதே கலவையைக் கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்துப் பூசி, கால் மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். வெளுப்பானோடு கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தையோ வினிகரையோ அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது; நச்சுவாயு கிளம்பும். பூசணத்தைக் கொல்லாமல் அதன்மேல் பூசினால், புதுச் சாயத்தையும் துளைத்துக்கொண்டு அது வெளியே வரும். ரம்புத்தான் மரத்தின் நிழல் விழும் வடக்குச் சுவரில் படரும் பச்சைப் பாசிக்கும் இதே மருத்துவம்தான். கிளையைக் கொஞ்சம் கழித்துவிட்டால் அடுத்த முறை வேலை குறையும்.

சாமி மேடைக்கு மேலே படியும் கறைக்கு வேறு வழி. அது கற்பூரப் புகையும் விளக்கில் எரியும் எண்ணெயின் பிசுக்கும் சேர்ந்த கரி. நீர் கலந்த சாயத்தை அதன்மேல் எத்தனை முறை பூசினாலும், கறை கரைந்து மஞ்சளாக மேலே கசியும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை வெந்நீரில் கலந்து, கீழிருந்து மேலாகத் துடையுங்கள்; மேலிருந்து தொடங்கினால் வழியும் கறுப்பு நீர் கீழே கோடுகளாகப் பதிந்துவிடும். உலர்ந்த பின் கறையை அடைக்கும் எண்ணெய்ச் சீலரை ஒரு முறை பூசிவிட்டு நிறச் சாயத்தைப் பூசினால் கசியாது. எண்ணெய் ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்களும் இதையே செய்யலாம். செம்பனை நாரும் ஓடும் எரிக்கப்படும் கொதிகலன் புகையிலிருந்து சுவரில் படிவதும் கரித்தூள்தான்.

சீலிங்கில் பழுப்பு வளையம்

ஓரம் கருத்து நடு வெளுத்த பழுப்பு வளையம் என்றால் கூரை ஒழுகுகிறது அல்லது ஒழுகியிருக்கிறது. வளையத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவிட்டு, இரண்டு மூன்று பெருமழைக்குப் பின் பாருங்கள். கறை கோட்டைத் தாண்டினால் ஒழுக்கு இன்னும் இருக்கிறது. தகரக் கூரையில் ஒழுக்கு பெரும்பாலும் ஆணியடியில் ரப்பர் வளையம் தேய்ந்துபோன இடத்தில்தான். ஆனால் நீர் சட்டத்தின் வழியாக நடந்துவந்து வேறோர் இடத்தில் சொட்டும் என்பதால், வளையத்துக்கு நேர் மேலே மட்டும் தேடினால் கிடைக்காது. ஒழுக்கை அடைத்த பிறகு, கறையை அடைக்கும் சீலர், அதன்பின் வெள்ளை.

ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளின் சீலிங் பலகையிலும் அலைத் தகடுகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும். அவற்றை உலர்நிலையில் சுரண்டுவதோ, மணல் தாளால் தேய்ப்பதோ, துளையிடுவதோ வேண்டாம். உடையாத பலகையை ஈரத் துணியால் துடைத்து, அப்படியே மேலே பூசிவிடுவதே பாதுகாப்பானது.

நிறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது

பகலில் சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் இது கண்ணில் படும். திட்டுகளின் உருவத்தைக் கவனியுங்கள். பட்டி (குழியும் விரிசலும் அடைக்கும் பசை) வைத்து அடைத்த இடங்களின் வடிவில் தெரிந்தால், பட்டி சாயத்தைக் கூடுதலாக உறிஞ்சியிருக்கிறது. அந்த இடங்களுக்குச் சீலர் தொட்டுவிட்டுச் சுவர் முழுவதற்கும் ஒரு முறை பூச வேண்டும். செங்குத்துப் பட்டைகளாகத் தெரிந்தால், ஒரு பட்டை காய்ந்த பின் அடுத்ததை அதன்மேல் ஏற்றியிருக்கிறீர்கள். ஒரு சுவரைத் தொடங்கினால், தேநீருக்கு நிறுத்தாமல், ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டையை இணைத்து அதே மூச்சில் முடித்துவிட வேண்டும். எங்கும் பழைய நிறம் மங்கலாகத் தெரிந்தால், தண்ணீர் கூடிவிட்டது. எமல்ஷனுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் தேவைப்படாது; டின்னில் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள்.

தண்ணீர் கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குத் தப்பியதே. 10 அடிக்கு 12 அடி அறையில் சுவர் 10 அடி உயரம் என்றால், சுற்றளவு 44 அடி, பரப்பு 440 சதுர அடி, ஏறக்குறைய 41 சதுர மீட்டர். கதவு சன்னலுக்கு 5 கழித்தால் 36. இரண்டு முறை பூச 72. ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டரை மூடும் என்று வைத்தால் 7 லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். 5 லிட்டர் டின் ஒன்றை மட்டும் வாங்கி வந்தவர், இரண்டாவது பூச்சின் பாதியில் குழாயைத் திறக்கிறார். இரண்டாவது டின்னைப் பிறகு வாங்கினால் நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கலாம். எனவே முதலிலேயே ஒன்றாக வாங்கி, பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள்.

இரும்பு கிரில், மரக்கதவு

கிரில்லில் சாயத்தின் மேல் துருக்கோடு வழிந்தால், துரு அடியில் உயிரோடு இருக்கிறது. கம்பித் தூரிகையாலும் மணல் தாளாலும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, அன்றைய தினமே துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரை (அடிப்பூச்சை) பூசுங்கள். நம் காற்றின் ஈரத்தில் ஓரிரவு விட்டாலே மீண்டும் துரு படரும். பற்றவைத்த மூட்டுகளும் அடிப்பட்டையின் கீழ்ப்புறமும் கண்ணில் படாததால் விட்டுப்போகும்; துரு தொடங்குவது அங்கேதான். துத்தநாகம் பூசிய புதுக் குழாயிலும் தகட்டிலும் எனாமலை நேராகப் பூசினால், சில மாதத்தில் தாள்போல உரிந்துவரும். துத்தநாகத்துக்கென்றே உள்ள பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும்.

மிகப் பழைய எனாமல் சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால், கதவையும் சன்னல் சட்டத்தையும் தேய்க்கும்போது நீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியால் எடுத்துவிடுங்கள். குழந்தைகள் அருகில் வேண்டாம். வெளிச்சம் படாத அறையில் வெள்ளை எனாமல் மஞ்சளாவது அதன் இயல்பு. அங்கே நீர் கலந்த பளபளப்புச் சாயம் ஏற்றது.

விரிசல்

மயிரிழை விரிசலைப் பட்டியால் அடைக்கலாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, விரல்நகம் நுழையும் அளவுக்கு அகன்று, மாதத்துக்கு மாதம் வளரும் விரிசலைச் சாயக்காரன் தொடக் கூடாது. கட்டடம் தெரிந்தவரை அழையுங்கள்.

தேன்போல ஒழுகும் கறை

புதிதாகப் பூசிய குளியலறைச் சுவரிலோ, பூசிய அன்றே மழைச்சாரல் பட்ட வெளிச்சுவரிலோ, பழுப்பாக, பிசுபிசுப்பாகக் கோடுகள் வழிந்தால் பதற வேண்டாம். சாயத்தில் கலந்திருக்கும் சவர்க்காரம் போன்ற பொருள், முழுதாகக் காய்வதற்குள் ஈரம் பட்டதால் வெளியே வந்திருக்கிறது. சாயம் இறுகிய சில நாட்களுக்குப் பின் வெறும் தண்ணீரால் துடைத்தால் போய்விடும். இதைக் கண்டு மறுபடி பூசியவர்கள், அடுத்த சாரலில் மறுபடியும் அதே கோடுகளைத்தான் கண்டார்கள்.

மீந்த சாயத்தைச் சிறிய, மூடி இறுகும் டப்பாவுக்கு மாற்றி, நிற எண், அறை, பூசிய தேதி மூன்றையும் டப்பாவின் பக்கத்தில் எழுதிவையுங்கள். மூடியில் எழுதினால், அடுத்த முறை திறக்கும்போது மூடிகள் மாறிப்போகும். ஹாலின் வெண்ணெய் நிறத்தைப் படுக்கையறையில் தொட்டுவிட்டு நிற்க நேரும்.